எழுதிக் கொடுத்தாலும் போகாது!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘பறிக்க முடியாத உரிமை’ என்னும் சொல் எளியவர் கைக்கு ஆயுதமா? மேடைக்கு அலங்காரமா? ‘ஆயுதமே’ அணியின் இரண்டாம் பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே அலங்காரமாக வந்து அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! உட்கார இடம் கிடைக்காமல் ஓரத்திலே நின்றுகொண்டே கேட்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே! 

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப அழகாகப் பேசினார்கள். “பறிக்க முடியாத உரிமை, பறிக்க முடியாத உரிமைன்னு சொல்றீங்களே, உலகத்திலே தினமும் பறிச்சுக்கிட்டுத்தானே இருக்கான்? பறிக்க முடியாததை எப்படிய்யா பறிச்சான்? அதனாலே அது அலங்காரச் சொல்” என்று ஒரே போடாகப் போட்டார்கள். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

நடுவர்: நீங்க எதுக்குத் தட்டினீங்க? உங்க அணிக்கு எதிராத்தானே பேசினாங்க?

ஐயா, அவங்க பேசின தோரணை அப்படியே எங்க வீட்டு அம்மா மாதிரியே இருந்தது. பழக்க தோஷம், கை தானாகத் தட்டிடுச்சு. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஆனால் ஒரு விஷயம் பாருங்க. இந்த ‘உரிமை’ங்கிற வார்த்தை இன்றைக்குப் படுகிற பாடு இருக்கே! பஸ்ஸிலே ஜன்னல் சீட்டு என் உரிமை. கல்யாணப் பந்தியிலே இன்னொரு ஜாங்கிரி என் உரிமை. எங்க வீட்டிலே பையன் சொல்றான், “அப்பா, காலையிலே எட்டு மணி வரைக்கும் தூங்குறது என் அடிப்படை உரிமை.” அவங்க அம்மா சொல்றாங்க, “தண்ணி ஊத்தி எழுப்புறது என் பிறப்புரிமை.” (சிரிப்பு) எதிரணிக்காரர்கள் இதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ‘அலங்காரம்’ என்கிறார்கள். தங்க முலாம் பூசின செம்பு நகை நிறைய வந்துவிட்டதனாலே தங்கமே கிடையாது என்று சொல்லலாமா? உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டும். அந்தக் கல்லை முதலிலே உங்கள் கையிலே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் அப்பா ஒரு பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புளிய மரத்தடியிலே, சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் பக்கத்திலே உட்கார்ந்து அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், தான பத்திரம், விடுதலைப் பத்திரம். அந்தப் பத்திர மொழி உங்களுக்கும் தெரியும். தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்… சொந்தக்காரனுக்கே தன் சொத்து அவ்வளவு பெரிசா என்று சந்தேகம் வந்துவிடும்! (சிரிப்பு) அதிலே ஒரு வார்த்தை அடிக்கடி வரும்: ‘பராதீனம்’. இந்தச் சொத்தை வேறு யாருக்கும் முன்னாலே பராதீனம் செய்யவில்லை என்று எழுதுவார்கள். பராதீனம் என்றால், என் பொருளை இன்னொருத்தர் கைக்கு மாற்றிக் கொடுப்பது.

ஐயா, இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் ‘பறிக்க முடியாத உரிமை’ என்று தமிழிலே சொல்கிறோமே, அதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் ‘இன்ஏலியனபிள்’. ‘ஏலியனேஷன்’ என்பது அவன் ஊர் நிலச் சட்டத்துச் சொல். நேர் அர்த்தம், எங்கள் அப்பா எழுதின அதே பராதீனம்தான்! அப்படியானால் இன்ஏலியனபிள் என்றால் என்ன? பராதீனம் செய்ய முடியாதது. அடுத்தவன் பறிக்கக் கூடாது என்பது பாதிதான். நீயே விரும்பினாலும் விற்க முடியாது, நீயே எழுதிக் கொடுத்தாலும் போகாது என்பதுதான் முழுசு.

வயல் விற்கலாம். வீடு விற்கலாம். மனுஷத் தன்மையை விற்க முத்திரைத்தாள் கிடையாது. வாங்கினேன் என்று ஒருத்தன் சொன்னால் அந்தப் பத்திரம் செல்லாது. இதுதான் நான் சொன்ன உரைகல். எதை எழுதிக் கொடுக்க முடியுமோ அது சொத்து, அல்லது சலுகை. எதை எழுதிக் கொடுத்தாலும் அது உன்னிடமே இருக்கிறதோ, அதுதான் பறிக்க முடியாத உரிமை. டி.வி. ரிமோட் உரிமையா சலுகையா என்று இப்போது பாருங்கள். அதைக் கல்யாணம் ஆன மூன்றாம் நாளே நான் எழுதிக் கொடுத்துட்டேன்!

நடுவர்: சாட்சிக் கையெழுத்து யாரு?

மாமியார் ஐயா. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இனி எதிரணியின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். “1776, ஜூலை 4. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிரும் சுதந்திரமும் பறிக்க முடியாத உரிமைகள் என்று எழுதினார்கள். எழுதின தாமஸ் ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். பிறகென்ன?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் மறைக்கப் போவதில்லை. அவர்கள் சொன்னதற்கு மேலே நானே சொல்கிறேன். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவர். பிலடெல்ஃபியாவிலே தங்கி அந்தப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தாரே, அப்போது அவருக்குப் பணிவிடை செய்ய ஒரு பையன் கூட இருந்தான். ராபர்ட் ஹெமிங்ஸ், 14 வயசு. அவருடைய அடிமை. அந்தப் பையன் யார் தெரியுமா? ஜெஃபர்சன் மனைவியின் அப்பாவுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நம்ம ஊர்க் கணக்கிலே மச்சினன்! சொந்த மச்சினன் தண்ணீர் கொண்டுவந்து வைக்க, மாப்பிள்ளை உட்கார்ந்து எல்லாரும் சமம் என்று எழுதுகிறார். (அரங்கில் அமைதி)

எழுதினவன் யோக்கியனா என்று கேட்டால், எதிரணிக்கு முழு மார்க். ஆனால் தலைப்பு அது இல்லையே! அந்தச் சொல் எளியவர் கையிலே என்ன ஆயிற்று என்பதுதானே கேள்வி? வெட்டுவதற்கு என்று கொல்லன் அரிவாள் அடிக்கும்போது, இது யார் கைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியாது. இது யார் கைக்குப் போனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அதே அமெரிக்கா, மாசசூசெட்ஸ் மாநிலம், ஷெஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஜான் ஆஷ்லி என்று ஒரு கர்னல். பெரிய பணக்காரர், நீதிபதியாகவும் இருந்தவர். அவர் வீட்டிலே பெட் என்று ஓர் அடிமைப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. குடும்பப் பெயர்கூடக் கிடையாது, அடிமைக்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் வீட்டு எஜமானியம்மா கோபம் தாங்காமல், அடுப்பிலே பழுக்கக் காய்ந்த கரண்டியைத் தூக்கி, லிஸ்ஸி என்ற சின்னப் பெண்ணை அடிக்கப் போனாள். பெட் குறுக்கே பாய்ந்து தன் கையை நீட்டிவிட்டாள். கையிலே ஆழமான காயம். அந்தத் தழும்பை அவள் துணி போட்டு மறைக்கவே இல்லையாம். பார்த்தவர்கள் “இது என்னம்மா?” என்று கேட்டால், “எங்க எஜமானியம்மாவையே கேளுங்க” என்பாளாம். அவளை நெருங்கித் தெரிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவள் தன் கையையே மனுவாக எழுதி வைத்திருந்தாள் ஐயா! (கைதட்டல்)

இந்த ஆஷ்லி வீடு லேசுப்பட்ட வீடு இல்லை. 1773-லேயே ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டிலே கூடி, மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று இங்கிலாந்துக்கு எதிராகத் தீர்மானம் தயாரித்தவர்கள். 1780-ல் மாசசூசெட்ஸுக்கு என்று தனி அரசியல் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவிலேயே, மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள், பறிக்க முடியாத சில உரிமைகள் உடையவர்கள் என்று போட்டார்கள். இந்தப் பேச்செல்லாம் பெட்டின் காதிலே விழுந்தது. பெரிய மனிதர்கள் பேசும்போது வேலைக்காரிக்குக் காது இருக்கிறது என்று நினைப்பதே கிடையாது! (சிரிப்பு)

அவள் என்ன செய்தாள்? தியோடர் செட்விக் என்ற வக்கீலிடம் போனாள். “சட்டத்திலே எல்லாரும் சுதந்திரமாப் பிறந்தவங்கன்னு எழுதியிருக்காமே. நான் ஒண்ணும் ஊமை மிருகம் இல்லையே. அந்தச் சட்டம் எனக்குச் சுதந்திரம் தராதா?” என்ற பொருள்படக் கேட்டாள். வழக்குப் போட்டார்கள். அவளோடு பிராம் என்று இன்னோர் அடிமையும் சேர்ந்துகொண்டார். 1781 ஆகஸ்டு மாதம், கிரேட் பாரிங்டன் ஊர் நீதிமன்றம், ஜூரிகள் உட்கார்ந்து கேட்டார்கள். தீர்ப்பு என்ன? இவர்கள் அடிமைகள் இல்லை! அதோடு முப்பது ஷில்லிங் நஷ்ட ஈடும் கொடு என்றார்கள். (பலத்த கைதட்டல்) ஆஷ்லி அப்பீலுக்குப் போனார், பிறகு தாமே விட்டுவிட்டார். சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிட்டாராம். போகவில்லை. தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். எலிசபெத் ஃப்ரீமன். ‘ஃப்ரீமன்’ என்றால் சுதந்திர மனிதர்! 1790-ல் அமெரிக்கா முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, மாசசூசெட்ஸ் கணக்கிலே அடிமை என்ற இடத்திலே ஒருவர்கூட இல்லை.

எதிரணி நண்பர்களே, நீங்கள் சொன்ன அலங்காரம் இதுதான். ஜெஃபர்சன் கையிலே அது அலங்காரம். பெட் கையிலே அது அரிவாள். சொல் ஒன்றுதான், பிடித்த கை வேறே. (கைதட்டல்)

நடுவர்: அது அமெரிக்கா. பக்கத்து வீட்டுக் குழம்பு எப்பவும் ருசிதான். நம்ம வீட்டு அடுப்பிலே என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க.

அங்கேதான் வருகிறேன் ஐயா. நம்ம வீட்டு அடுப்பிலே கொஞ்சம் தீய்ந்த வாசனையும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1975, ஜூன் 25. நாட்டிலே நெருக்கடி நிலை. ஆயிரக்கணக்கானவர்களை விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளினார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தருகிற 21-ஆம் பிரிவைக் காட்டி எந்தக் கோர்ட்டுக்கும் போகக் கூடாது என்று உத்தரவு. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், “அப்படி இல்லை, நாங்கள் கேட்போம்” என்றன. அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள். அப்போது எச்.ஆர். கன்னா என்ற நீதிபதி அரசாங்க வழக்கறிஞரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையை வைத்துக்கொண்டு ஒருத்தரைக் கொன்றுவிட்டால்கூடவா பரிகாரம் கிடையாது?” பதில் என்ன தெரியுமா? என் வாதப்படி பார்த்தால், நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கிடையாது! இப்படி நீதிமன்றத்திலே நின்று சொன்னார்கள் ஐயா. 1976, ஏப்ரல் 28-ல் தீர்ப்பு. நான்கு நீதிபதிகள் அரசாங்கம் சொன்னதே சரி என்றார்கள். ஒரே ஒருவர், கன்னா, மாட்டேன் என்றார். உயிரும் சுதந்திரமும் சட்டப் புத்தகம் போட்ட பிச்சை இல்லை, அந்தப் புத்தகம் வருவதற்கு முன்னாலேயும் சட்டத்தின் ஆட்சி உண்டு என்று எழுதினார். அதற்குக் கொடுத்த விலை? 1977-ல் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவேண்டிய முறை. அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எதிரணி நண்பர் குதிக்கிறார், “பார்த்தீங்களா, பறிச்சிட்டாங்க!” என்கிறார். பொறுங்கள். பறித்தார்கள் என்று ஏன் சொல்கிறீர்கள்? கடைக்காரர் கொடுத்த இனாம் காலண்டரை அவரே திரும்ப எடுத்துக்கொண்டால் பறித்தார் என்போமா? நம்முடையதாக இருந்ததனாலேதானே அது பறிப்பு! அந்த வார்த்தையைச் சொல்லும்போதே என் கட்சிக்கு நீங்கள் சாட்சி சொல்லிவிட்டீர்கள். (பலத்த கைதட்டல்)

நடுவர்: வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க.

பத்திர எழுத்தர் பிள்ளை ஐயா. பாதி வக்கீல். (சிரிப்பு)

கதை அங்கே முடியவில்லை. 1978-ல் 44-ஆவது திருத்தம் வந்தது. இனி எந்த நெருக்கடி நிலையிலும் 21-ஆம் பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கினார்கள். அதன் பிறகு நடந்ததைச் சொல்லுகிறேன். இதிலே நம்ம சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார்.

மழை பொய்த்து வேலை இல்லாமல் போன ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி. 1961-ல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போனார். ரசாயனக் கம்பெனியிலே வேலை, தினக்கூலி 23 ரூபாய். குடியிருக்க இடம்? நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையிலே, பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் கட்டின ஒரு மறைப்பு. அதற்கும் ஒரு ரவுடிக்கு 2,500 ரூபாய் அழுதார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலையிலே, நடைபாதைவாசிகளை எல்லாம் சொந்த ஊருக்கு அனுப்புங்கள் என்று மாநில அரசு முடிவெடுத்தது. ஜூலை 23, கொட்டுகிற மழைக்காலம். குடிசையைப் பிரித்தார்கள். குடும்பத்தையே பஸ்ஸிலே ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி மக்களைச் சேலத்திலே விட்டுவிட்டு, மனுஷன் திரும்பவும் பம்பாய்க்கே போனார். ஏன்? வயிறு சேலத்திலே இருந்தாலும் சோறு பம்பாயிலேதானே இருந்தது! இவையெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிற விவரங்கள்.

அவரும், ஒல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும், இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாநகராட்சி தரப்பிலே ஒரு வாதம் வைத்தார்கள். நம் தலைப்புக்காகவே வைத்த மாதிரி வாதம். “ஐயா, இந்த நடைபாதைக்காரங்க உயர் நீதிமன்றத்திலே, எங்களுக்கு நடைபாதையிலே குடிசை போட அடிப்படை உரிமை எதுவும் கிடையாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அக்டோபர் 15-க்கு அப்புறம் இடிச்சா தடுக்க மாட்டோம்னும் சொல்லிட்டாங்க. சொன்னது சொன்னதுதான். இப்போ மாத்திப் பேச முடியாது.” அதாவது, எழுதிக் கொடுத்தாச்சு, கதை முடிஞ்சது என்கிறார்கள்.

1985, ஜூலை 10. ஐந்து நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? அடிப்படை உரிமை விஷயத்திலே அந்தப் பேச்சே கிடையாது. யாரும் தன் அடிப்படை உரிமையை விற்றுவிட முடியாது. தெரியாமல் சொன்னாலும் சரி, தெரிந்தே சொன்னாலும் சரி, அவன் சொன்ன சொல்லைக் காட்டி அவன் வாயை அடைக்க முடியாது. ஏனென்றால் அந்த உரிமை அவன் ஒருத்தன் நன்மைக்காக மட்டும் வைத்தது இல்லை, நாட்டுக்கே பொதுவாக வைத்தது. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி, ஆகவே உயிர் வாழும் உரிமைக்குள்ளே பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றும் சொன்னார்கள். (கைதட்டல்)

நான் முழு உண்மையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்பு அவருக்கு நடைபாதையைப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் போய் அக்டோபர் 31-க்குப் பிறகு அகற்றலாம் என்றுதான் சொன்னது. பழைய கணக்கெடுப்பிலே பேர் இருந்தவர்களுக்கு மட்டும் மாற்று இடம். எதிரணி நண்பர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். ஆயுதம் என்றால் எல்லாச் சண்டையிலும் முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஆனால், “நீதான் ஒத்துக்கிட்டியே” என்று ஏழையைப் பார்த்துச் சொல்லுகிற அந்த ஒரு வாயை, அந்தச் சொல் அடைத்தது. அது சின்ன விஷயமா?

இன்னும் ஒன்று சொல்லுகிறேன், அசந்துபோவீர்கள். 1985-லே இந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். யார் அவர்? 1976-லே அரசாங்கம் சொன்னதே சரி என்று எழுதிய நான்கு பேரிலே ஒருவர்! (சலசலப்பு) அதே கை. அதே பேனா. கதை இன்னும் இருக்கிறது. 2017, ஆகஸ்டு 24. உச்ச நீதிமன்றத்திலே ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்தத் தீர்ப்பிலே, 1976 தீர்ப்பு தவறு, அது இனி செல்லாது என்று எழுதினார்கள். உயிரும் சுதந்திரமும் பராதீனம் செய்ய முடியாதவை என்று எழுதினார்கள். எழுதியது யார்? டி.ஒய். சந்திரசூட். ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்! அப்பா எழுதிய பத்திரத்தை மகன் ரத்து செய்தார் ஐயா! (நீண்ட கைதட்டல்) நாற்பத்தோரு வருஷம் ஆயிற்று. ஆனால் உரிமை காலாவதி ஆகவில்லை.

நடுவர் ஐயா மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம், சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இது புத்தகத்திலே படித்தது இல்லை. எனக்கு நடந்தது.

நான் வாத்தியாராகச் சேர்ந்த புதுசு. ஏழாம் வகுப்பிலே ஒரு பையன். கணக்கிலே புலி. நான் கரும்பலகையிலே எழுதி முடிக்கும் முன்னாலே விடையைச் சொல்லுவான். திடீரென்று பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பத்து நாள் பார்த்தேன், வரவில்லை. விசாரித்தால், ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளையிலே இருக்கிறான் என்றார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா, அம்மா, பையன், தங்கச்சி, நாலு பேரும் மண் குழைத்துக் கல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னாலே மறைத்துக்கொண்டான். கை முழுக்க மண், வெடிப்பு.

அப்பாவிடம் கேட்டேன், “ஏம்ப்பா, பையனை அனுப்பக் கூடாதா?” அவர் சொன்னார், “சார், மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். குடும்பத்தோட வேலை செஞ்சு கழிக்கிறேன்னு பேப்பர்ல கைநாட்டு வெச்சுட்டேன். கடன் தீர்ற வரைக்கும் இங்கிருந்து போக முடியாது சார். வாக்குக் குடுத்தாச்சு.” எவ்வளவு கழிந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கணக்கு முதலாளியிடம் இருக்கிறது. கணக்கிலே புலியான பையன் பக்கத்திலேயே நிற்கிறான், அவனிடம் கணக்கைக் காட்ட ஆள் இல்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “ஐயா, அந்தக் கைநாட்டு செல்லாது. 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்களையும் பிள்ளைகளையும் கடனுக்காகக் கட்டிப் போடுகிற எந்தப் பேப்பரும் காகிதக் குப்பை. கடனே ரத்து. கோட்டாட்சியரிடம் போகலாம் வாங்க, விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பத்திர எழுத்தர் மகன் இல்லையா? சின்ன வயசிலேயிருந்து கைநாட்டு என்றால் கைநாட்டுதான் என்று பார்த்து வளர்ந்தவன் இல்லையா? “அப்படியா… கையெழுத்துப் போட்டுட்டீங்களா… சரி, சீக்கிரம் கழிச்சுட்டு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். (அரங்கில் அமைதி)

அடுத்த வருஷம் போய்ப் பார்த்தேன். சூளை வேறு இடத்துக்கு மாறிவிட்டது. அந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பிலே அதிகாரி ஒருவர் அந்தச் சட்டத்தைப் படித்து விளக்கினார். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை ஐயா. முதலாளி அவரைக் கயிறு போட்டுக் கட்டவில்லை. அவருடைய நாணயத்தாலேயே கட்டினார். வாக்குத் தவறக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷனுக்கு, இந்த வாக்கு மட்டும் உன்னைக் கட்டாது என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல் சட்டத்திலே இருந்தது. என் வாயிலே இல்லை.

எதிரணி நண்பர்களே! அது வெறும் சொல், அலங்காரம் என்கிறீர்கள். சொல் இருந்த இடத்திலே பெட் என்ற அடிமை எலிசபெத் ஃப்ரீமன் ஆனாள். சொல் இல்லாத இடத்திலே என்ன ஆகும் என்று நான் அந்தச் சூளையிலே பார்த்தேன். அலங்காரம் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆயுதம் இல்லாவிட்டால்தான் ஐயா ஒரு பிள்ளை காணாமல் போவான். (கைதட்டல்)

ஆகவே இந்தத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்களே, அரசு ஊழியர்களே, படித்த தம்பி தங்கைகளே! உரிமை, உரிமை என்று நமக்காக நாம் கேட்பது இருக்கட்டும். உங்கள் ஊரிலே எங்கேயாவது ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு “எழுதிக் குடுத்துட்டேங்க, என்ன பண்றது?” என்று சொன்னால், என்னை மாதிரி சைக்கிளைத் திருப்பிவிடாதீர்கள். “எழுதிக் கொடுத்தாலும் போகாதுய்யா, அது உன்னோடதுதான்” என்று அவர் காதிலே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர் கூடவே அந்த அலுவலகம் வரைக்கும் நடந்து போங்கள்.

ஆயுதமே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நடுவர் ஐயாவைப் பணிவோடு கேட்டு, அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)